சோடா ரூமுக்கு வெளியே ரப்பர் பூட்ஸ்

எழுபதுகளில் நான் வேலை பார்த்த லாண்டரி கம்பெனியில், சோடா ரூம் வாசலில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வரிசையாக நிற்கும். கல்யாண மண்டபத்து வாசல் தோற்றுப்போகும். உள்ளே நாங்கள் வெறுங்காலோடு, தோலை அரிக்கிற சோடாத் தண்ணீரில் நின்று வேலை செய்துகொண்டிருப்போம். காலைக் காப்பாற்றத்தான் பூட்ஸ் கொடுத்தார்கள். ரோட்டில், மழையில், பஸ்ஸில், புதுவாயல் டீக்கடையில் எல்லாம் அதைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு, காலுக்கு ஆபத்து இருந்த அந்த ஒரே இடத்தின் வாசலில் பயபக்தியோடு கழற்றி வைத்தோம்.

இதில் சிரிக்க ஏதாவது இருப்பதாக அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே வேலை செய்கிறவர்களின் காக்கி உடுப்புகளை மொத்தமாக வாங்கித் துவைத்துக் கொடுக்கத்தான் எங்கள் கம்பெனி. திறப்பு விழாவன்று பூஜை போட்டுவிட்டு அம்மன் படத்தை எங்கே மாட்டலாம் என்று சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். சோடா ரூமில், கரைசல் தொட்டிக்கு நேர் மேலே, சுவரில் ஏற்கெனவே ஓர் ஆணி இருந்ததாம். மாட்டிவிட்டார்கள். அம்மன் இருக்கிற அறைக்குள் செருப்புக் காலோடு நுழைய எங்களில் யாருக்குத் துணிச்சல் வரும்? பூட்ஸ் வந்து சேர்ந்தபோது படத்துக்கு மூன்று நான்கு வெள்ளிக்கிழமை மாலையும் கற்பூரமும் ஆகியிருந்தது. மேனேஜர் பொன்னேரியிலிருந்து ஒரு பூசாரியை வரவழைத்து, படத்தை இடம் மாற்றலாமா என்று கேட்டார். "குந்தினவள எயுப்பாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதோடு பூட்ஸ் வெளியே, நாங்கள் உள்ளே என்று முடிவாகிவிட்டது.

பூட்ஸ் வீணாகவில்லை, அதையும் சொல்லவேண்டும். நான் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு சேற்றில் நண்டு பிடிக்கப் போனான். என்னோடு வேலை பார்த்த அக்காவின் வீட்டுக்காரர் அதைப் போட்டுக்கொண்டு நெல்வயலுக்கு மடை திறக்கப் போனார். கண்ணுக்குப் போடச் சொல்லிக் கொடுத்த பெரிய கண்ணாடியை பாய்லர்காரர் சைக்கிளில் போகும்போது தூசிக்குப் போட்டுக்கொண்டார். கம்பெனி கொடுத்த சாமான்களால் இந்த வட்டாரமே பத்திரமாக இருந்தது, எங்களைத் தவிர.

சோடாத் தூளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் துணி துவைக்கிற சோப்புத் தூள் மாதிரி அது சாது இல்லை. காக்கியில் ஊறிப்போன கிரீஸையும் எண்ணெயையும் கழற்றவேண்டும் என்றால் காஸ்டிக் கலந்த தூள்தான் சரிப்படும். அது பெரிய டிரம்மில் வரும். தொட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பி, அப்புறம் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைக்கவேண்டும். தூளின் தலையில் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்து, சீறி, முகத்தில் அடிக்கும். மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு, விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். டிரம்மின் மூடியைத் திறந்துபோட்டால் காற்றின் ஈரத்தில் தூள் கட்டிதட்டிப் போகும். இதெல்லாம் டிரம்மோடு வந்த ஒரு படத்தில் இருந்தது. படத்தில் ஒரு வெள்ளைக்காரன் கண்ணாடி, கையுறை, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு நிற்பான். மேனேஜர் அதையும் அம்மனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் குங்குமம் வைக்கிறபோது விட்டுப்போகக்கூடாதே என்று அவன் நெற்றியிலும் ஒன்று வைப்போம். அவன் சொன்னதை மட்டும் கேட்கமாட்டோம்.

சோடாவின் கெட்ட குணம் வேறொன்று. நெருப்பு என்றால் பட்டவுடன் சுடும், காலை எடுத்துவிடலாம். சோடா பட்டால் முதலில் சோப்புப் போல வழுவழுவென்றுதான் இருக்கும். சுகமாகக்கூட இருக்கும். சுடுகிறதே என்று நமக்குத் தெரியும்போது அது தன் வேலையை முடித்திருக்கும். எங்கள் எல்லோர் உள்ளங்காலிலும் அங்கங்கே தோல் உரிந்து புதுத்தோல் வந்து மறுபடி உரிந்திருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொள்கிற வரைக்கும்.

அக்கா என்றால் எனக்கு அஞ்சாறு வயது மூத்தவள், அவ்வளவுதான். பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம். சொந்தமாக நிலமிருந்த குடும்பம். அவளுக்கு ஒரே பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஜுரம் வந்து கண் செருகிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தது. இதுவரைக்கும் நல்ல கதைதான்.

ஆனால் அவளுக்கு ஒரு மாமியார் இருந்தாள். நிலபுலம் உள்ள வீட்டு மருமகள் ஆம்பிளைகள் இருக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாளே என்று ஊரில் நாலு பேர் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கு அவள் சம்பளம் வேண்டும், ஊர்ப்பேச்சு வேண்டாம். தீ மிதித்தவர் காலில் கொப்புளம் வந்தால் அந்த ஆளிடம் ஏதோ குற்றம் இருக்கிறது என்பது அந்த ஊரில் எல்லோரும் நம்பின விஷயம். வேண்டிக்கொண்டது குழந்தைக்காக. மிதிக்கப் போகிறதோ அவள் நடத்தைக்குப் பரீட்சை. ஒரு நாள் தொட்டியைக் கலக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"தீ ஒண்ணியும் பண்ணாதுடி. அம்மா பாத்துக்குவா. எனக்கு இந்த சோடாதான் பேஜாரு. இங்க ஒரு கொப்புளம் வந்துதுன்னு வையி, தீயிலதான் வந்துதுன்னு ஊரே சொல்லும். அப்பறம் நான் அந்த ஊட்ல எப்டிடி தல நிமிந்து குந்துவேன்?"

"பூட்ஸ போட்டுக்கோக்கா" என்றேன்.

"கய்தே. காப்பு கட்னா செருப்பே போடக்கூடாது. பூட்ஸாம்."

அதுவும் சரிதான். மஞ்சள் துணியில் காப்புக் கட்டிக்கொண்டுவிட்டால் தீ மிதிக்கிற வரைக்கும் ரோட்டில்கூட வெறுங்கால்தான். அதாவது, எந்தக் கால் மேல் ஒரு கீறல் விழக்கூடாதோ, அந்தக் கால் எல்லாவற்றிலும் வெறுங்காலாக நடக்கவேண்டும்.

நான் நேராக மேனேஜரிடம் போனேன். அவர் ஒல்லியான மனுஷன், பயந்த சுபாவம். உள்ளதிலேயே அவர் அதிகம் பயந்தது அம்மனுக்கு. விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். காப்புக் கட்டினவள் காலில் தன் கம்பெனித் தரையில் கொப்புளம் வந்தால் அந்தக் குத்தம் யார் தலையில் விடியும் என்று அவருக்கு உடனே கணக்குப் புரிந்துவிட்டது.

"மடிக்கிற செக்ஷன்ல போடும்மா அவங்கள. அங்க எல்லாம் காஞ்ச துணி" என்றார்.

அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் சோடா ரூமுக்கு வராத நர்ஸிங் ஹோம் படுக்கை விரிப்புகளும் அங்கே வரும். பிள்ளை பெற்ற விரிப்பு, உயிர் போன விரிப்பு எல்லாம் அதில் இருக்கும். காப்புக் கட்டியவள் தீட்டுத் துணியைத் தொடலாமா?

"தோச்சிதானேம்மா வருது?" என்றார் மேனேஜர்.

"தோச்சா அழுக்குதான் சார் போவும். தீட்டு எங்க போவுது?" என்றாள் அக்கா.

லாண்டரி நடத்துகிறவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? லீவு கேட்டால் மாமியார் விடமாட்டாள். ஆக, சுத்தபத்தமாக அக்கா வேலை செய்யக்கூடிய ஒரே இடம் சோடா ரூம் என்று ஆயிற்று.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்துதான் வரும். எத்தனையோ தடவை சொல்லியும் நடக்காத பாதுகாப்பெல்லாம் ஒரே வாரத்தில் நடந்தது. பேக்கிங் செக்ஷனிலிருந்து மரப் பலகைகள் வந்தன, ஈரத் தரையில் கால் படாமல் மேலே நடக்க. வாசலில் பெரிய தொட்டியில் நல்ல தண்ணீர் வந்தது. தூளை அள்ள நீளமான கைப்பிடி போட்ட முகவை வந்தது. டிரம் மூடி திறந்தது திறந்தபடி கிடந்த காலம் போய், பாய்லர்காரர் அதைக் கோயில் உண்டியல் போல மூடி மூடி வைத்தார். தூளைத் தூக்கி வருகிறவர்கள் பால்குடம் எடுக்கிறவர்கள் மாதிரி அடிமேல் அடி வைத்து வந்தார்கள். யாராவது சிந்தினால், "அடப்பாவி, காப்பு கட்ன பொம்பள நடக்கற எடம்டா" என்று நாலு பக்கமிருந்தும் கத்தினார்கள். படத்திலிருந்த வெள்ளைக்காரன் சொன்னது ஒவ்வொன்றும் விரதமாகிவிட்டது. விரதம் என்றால் எங்கள் ஆட்கள் உயிரைக் கொடுப்பார்கள். பாதுகாப்பு என்றால் பீடியைக்கூட அணைக்கமாட்டார்கள்.

தினமும் காலையில் பாதம் பார்க்கிற சடங்கு வேறு. மேனேஜருக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பெண்ணின் உள்ளங்காலை இன்னொருத்தர் வீட்டு ஆம்பிளை எப்படிப் பார்ப்பது? அதனால் நான் உட்கார்ந்து பார்ப்பேன், அவர் கதவுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"வலது?"

"சுத்தமா கீது சார்."

"எடது? விரல் சந்துல பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார். சேறுதான் கீது."

ஒரு பெருமூச்சு கேட்கும். அப்புறம்தான் மோட்டாரைப் போடுவார்கள். கொஞ்ச நாளில் துணி கொண்டுவருகிற லாரி டிரைவர்கள்கூட, "இன்னாம்மா, கால் எப்டி கீது?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையை இறக்கினார்கள். அக்காவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. "என் மூஞ்சிய எவனும் பாக்க மாட்றான்டி, காலையே விசாரிச்சிகினு கீறானுங்க" என்பாள். உள்ளுக்குள் சந்தோஷம்தான். அவளை அந்த அளவுக்கு அதற்குமுன் யாரும் தாங்கினதில்லை.

நடுவில் ஒரு நாள் பாய்லர்காரர், அவசரத்தில், வாளியிலிருந்த தூளின் மேல் வெந்நீரைக் கவிழ்த்துவிட்டார். அது புஸ்ஸென்று சீறிப் பொங்கியது. "அக்கா கால்! அக்கா கால்!" என்று எல்லோரும் அலறினார்கள். விரதக்காரியை ஆம்பிளைகள் தொடக்கூடாதே, அதனால் பாய்லர்காரர் துணி ஏற்றுகிற தள்ளுவண்டியை அவள்மேல் மோதுகிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார். நான் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கி அதற்குள் போட்டேன். கிரீஸ் வழிகிற காக்கிகளின் மேல் மஞ்சள் புடவையோடு தேரிலிருக்கிற உற்சவர் மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் என் மணிக்கட்டில் வழுவழுவென்று ஏதோ ஓடுவது தெரிந்தது.

மேனேஜர் மூச்சு வாங்க ஓடிவந்தார். "கால்ல பட்டுதா?"

"இல்ல சார். என் கையிலதான் பட்டுது."

"அப்பாடா" என்று அம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் கை என்ன கூலிக்கு எடுத்ததா? வண்டிக்குள்ளிருந்து அக்காதான், "அந்தப் பொண்ணு கைய தண்ணில வையிங்கடா, நின்னுகினு வேடிக்க பாக்கறீங்களே" என்று கத்தினாள். அவள் காலுக்காக வைத்திருந்த நல்ல தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அதனால் கொஞ்சம் சிவந்ததோடு போயிற்று. வேறு நாளாக இருந்திருந்தால் அந்தத் தண்ணீரும் இருந்திருக்காது, என் கையில் தோலும் இருந்திருக்காது.

தீமிதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கம்பெனி லாரியில் நாங்கள் எல்லோரும் போனோம். மேனேஜர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரி கலங்கிப்போய். கோயில் எதிரே நெருப்பைப் பரப்பி முறத்தால் சாம்பலை விசிறிக்கொண்டிருந்தார்கள். அனலில் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் தண்ணீருக்குள் நிற்பவர்கள் போல் நெளிந்து தெரிந்தார்கள். குளத்தில் முழுகிவிட்டு, ஈரப் புடவையோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வந்தாள். "கோவிந்தா! கோவிந்தா!" என்று சனம் கத்தியது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் அந்தக் கரையில், பால் ஊற்றின குழியில் நின்றுகொண்டிருந்தாள்.

மாமியார் அவளை அங்கேயே உட்காரவைத்தாள். ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். காலை மடியில் எடுத்துவைத்து, முந்தானையால் சாம்பலைத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள் மாமியார். எங்கள் மேனேஜர் அவ்வளவு தூரத்திலிருந்தும் சுவரைத் தேடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழக்கதோஷம்.

"ஒரு பொட்டு கொப்புளம் இல்ல" என்றாள் மாமியார். யாரிடமும் இல்லை, ஊருக்கே சொல்கிற மாதிரி.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை. மேனேஜர் அழுதேவிட்டார். திரும்பி வரும்போது லாரியில் பாய்லர்காரர் தானே தீ மிதித்துவிட்டு வந்தவர் மாதிரி பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் பாதம் பார்க்கிற சடங்கு இல்லை. காப்பை அவிழ்த்தாயிற்றே. பலகைகளை பேக்கிங்காரர்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியில் யாரோ காக்கிகளை ஊறப்போட்டிருந்தார்கள். டிரம் மூடி சுவரில் சாய்ந்து கிடந்தது. தரையில் சிந்தின தூள் ஈரத்தில் கரைந்து பளபளத்துக்கொண்டிருந்தது. வாசலில் பழையபடி பூட்ஸ் வரிசை. ஒருத்தர்கூட வேண்டுமென்று செய்யவில்லை. விரதம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அக்கா வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பேசிக்கொண்டே உள்ளே போனாள். பேசிக்கொண்டே தொட்டியடியில் நின்றாள். மாமியார் அன்று காலையில் தன் கையால் காப்பி போட்டுக் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை அவளுக்கு. பாதி பேச்சில் நிறுத்திவிட்டுக் குனிந்து காலைப் பார்த்தாள்.

"தே, இன்னாமோ வழுவழுன்னு கீதுடி."

நான் அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். குழாயில் நூல் போலத் தண்ணீர் வந்தது. குடத்தில் இருந்ததை ஊற்றினேன், குடிக்க வைத்திருந்ததை ஊற்றினேன். மத்தியானத்துக்குள் வலது உள்ளங்காலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம் எழும்பிவிட்டது.

மேனேஜர் வந்தார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, நேராகக் காலைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நேத்து தீ மிதிச்சாங்க இல்ல? அதுலதான் வந்திருக்கும். சிலருக்கு மறுநாள்தான் எழும்பும்" என்றார்.

"சோடா சார்" என்றாள் அக்கா. "சோடான்னு சொல்லு சார். நேத்து கொப்புளம் இல்லன்னு நீயும் கேட்டியே. என் மாமியார் கேட்டா சோடான்னு சொல்லு சார்."

"கம்பெனியில இந்த மாதிரி எதுவும் நடக்கலைம்மா. ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வர்ற மாசம்." சொல்லிவிட்டு அம்மன் படத்தைப் பார்த்தார். கும்பிடவில்லை, வெளியே போய்விட்டார்.

நான்தான் சத்தம் போட்டேன். அக்கா சத்தம் போடவில்லை. நெருப்பு நேற்று, கொப்புளம் இன்று. நடுவில் சோடா என்று ஒன்று இருப்பதை ஊரில் யார் நம்பப் போகிறார்கள் என்பது அவளுக்கு எனக்குமுன் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வாசலில் வரிசையாக நின்றதில் இருப்பதிலேயே பெரிய பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதில் யார் நடந்தாலும் நொண்டி நொண்டித்தான் நடக்கவேண்டும். அதற்காகத்தான் அதை எடுத்தாள். அது எனக்குப் புரிந்தபோது பஸ் வந்துவிட்டது.

வீட்டு வாசலில் மாமியார், "தீ மிதிச்ச காலுக்கு பூட்ஸ் ஒரு கேடா?" என்று கேட்டிருக்கிறாள். "கம்பெனில கட்டாயம் அத்தே" என்றாளாம். உள்ளே கழற்றிவிட்டு, புண்ணைத் தரையில் அழுத்தி, கொஞ்சமும் நொண்டாமல் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்திருக்கிறாள். நெருப்பில் நடந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது என்று மறுநாள் பஸ்ஸில் என்னிடம் சொன்னபோது, என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன்.

சோடா ரூம் வாசலுக்கு வந்ததும் நான் வழக்கம்போல் குனிந்து என் பூட்ஸைக் கழற்றப் போனேன். அக்கா குனியவில்லை. வாசற்படியில் நின்று அம்மனைப் பார்த்தாள்.

"உன் தீ என்ன சுடலம்மா" என்றாள். "உனக்கு எதுத்தாப்ல கெடக்கறதுதான் சுட்டுது. நீயும் பாத்துகினுதானே இருந்த."

பூட்ஸோடு உள்ளே போனாள். சொத் சொத்தென்று ஈரத்தில் மிதித்து நடந்து தொட்டியடியில் போய் நின்று, முகவையைக் கையில் எடுத்தாள். பாய்லர்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நான் பாதி கழற்றின பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.